பல் பார்த்தல்

மே முப்பத்தொன்று பிற்பகல்
நான் முதிர்ந்துவிடுவேன் என்று
நாகர்கோவிலிலிருந்து தாள் வந்திருக்கிறது.
முற்பகல் வரை முதிர மாட்டேன்.

மேலே தமிழில்: வயது முதிர்வு.
கீழே, தமிழ் தெரியாத யாருக்கோ,
சூப்பரானுவேஷன்.

குலசேகரம் கால்நடை மருந்தகத்தில்
முப்பத்தி நாலு வருஷம் கையெழுத்துப் போட்டவள்.
அந்தச் சொல்லை எழுத்துக்கூட்ட வரவில்லை.
தக்கலை கருவூலத்தில் என் டோக்கன் நாற்பத்தேழு,
ஓடிக்கொண்டிருந்தது பத்தொன்பது,
ஓடாமல் இருந்தது மின்விசிறி.
போனில் தேடினேன்,
இந்தச் சொல் எங்கே பிறந்தது என்று.

தொழுத்தில், கேட்டியளா.

லத்தீனில் மாட்டுக்குச் சொன்ன சொல்.
சூப்பர் என்றால் மேலே
(நாம் பிரியாணிக்குச் சொல்வது அல்ல).
ஆன்னுஸ் என்றால் ஆண்டு.
ஒலி ஒட்டுகிறது, உறவு ஒன்றுமில்லை;
பஸ்ஸில் ஒரே நிறச் சேலையில்
பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்த ரெண்டு பேர் மாதிரி.
ஒரு வயசு தாண்டிய கன்று.
அவ்வளவுதான் பொருள்.
அதன் கழுத்துக் கயிற்றை அவிழ்த்து
எந்தக் குமாஸ்தாவோ
மனுஷன் கழுத்தில் கட்டியிருக்கிறான்.

ஒரு வயசுக் கன்றை எனக்குத் தெரியும்.
கீழுதட்டை விரலால் இறக்கினால்
எட்டும் பால்பல், அரிசி போல.
ரெண்டு வயசு வாக்கில் நடுவில் ரெண்டு விழுந்து
மண்வெட்டி போல ரெண்டு வரும்.
பிறகு நாலு, ஆறு,
கடைசேரும்போது ஐந்தை ஒட்டி வயசு.
தரகன் பொய் சொல்வான், பல் சொல்லாது.
மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல்லே கிடையாது;
பொய் சொல்ல நினைத்தாலும்
பாதி வாய்தான்.

எனக்கோ
நெய்யூரில் பிடுங்கியது மூன்று,
தொப்பி போட்டது இரண்டு.
ஒரு வயசு தாண்டியவள் என்கிறது அரசாங்கம்.
தாண்டியது வாஸ்தவம்.

பக்கத்து நாற்காலியில் பட்டாளத்து ராஜையன்.
சட்டைப்பையில் குத்திய வில்லையைத் தட்டினார்:
'வெட்டரன். இது எந்தத் தொழுத்து பிள்ளே?'
தேடினேன். அது இன்னும் பழைய வீடு.
வருஷம் என்று பொருள்பட ஒரு வேர்.
லத்தீனுக்குப் போனது கிழமாகி வெட்டரன்.
சமஸ்கிருதத்துக்கு வந்தது வத்ஸ, கன்று.
பஞ்சாங்கத்து சம்வத்சரம் அதன் கூடப்பிறப்பு.
எங்கள் ஆஸ்பத்திரிப் பலகையில் இருக்கும் வெட்டரினரியும்
அந்தக் குடும்பம்தான் என்கிறார்கள் சிலர்;
சிலர் சம்மதிக்கவில்லை.
வேர் ஒன்று, கிளையில் ஒருத்தன் கிழவன்,
ஒருத்தன் இன்னும் முட்டி முட்டிப் பால் குடிக்கிறான்.
கன்றின்மேல் பசுவுக்கு வரும் பிரியம் வாத்சல்யம்.
அவர் என் விண்ணப்பத்தை எட்டிப் பார்த்தார்.
பெயர்: வத்சலகுமாரி.
'அப்பம் நாம ரெண்டும் சொந்தம்' என்று
கடலை மிட்டாயில் பாதியை உடைத்துத் தந்தார்.
கடிக்கப் பயந்து
ஒரு கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டேன்.

முப்பத்தாறு.

இனி ஒரு கணக்கு.
பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கொண்டுபோனபோது
எனக்கு நாலு தெகையவில்லை. ஐந்து வேண்டும்.
ஹெட்மாஸ்டர் பொடி போட்ட விரலாலேயே
ஒரு வருஷத்தைக் கூட்டி எழுதினார்.
என் வகுப்பில் பாதிப்பேர் பிறந்தது
மே முப்பத்தொன்றில்தான்.
இடவப்பாதி மழையில், ஓலை ஒழுக ஒழுக
அம்மை என்னைப் பெற்றது
அதற்கு அடுத்த வருஷத்து ஜூன்.
ஒருத்தரும் என் உதட்டை இறக்கிப் பார்க்கவில்லை.

ஆக
மேலே ஓர் ஆண்டு.
சூப்பர். ஆன்னுஸ்.
கன்றுக்கென்று செய்த சொல்
கடல் கடந்து, ஃபைல் கடந்து வந்து
எனக்கு மட்டும் அச்சாகப் பொருந்துகிறது.
அந்த ஓராண்டை
யாரிடம் திருப்பிக் கேட்க?
கேட்டால் பதினைந்து வருஷத்துச் சம்பள உயர்வையும்
திருப்பிக் கேட்பார்கள்.

நாற்பத்தேழு.
கண்ணாடிக்குப் பின்னால்
மீசை இப்போதுதான் கட்டிவரும் பையன்,
தலை நிமிராமல் கேட்டான்:
'வயசு?'

பல்லைக் காட்டினேன்.

பார்க்கத் தெரியவில்லை அவனுக்கு.
ஆதார் கேட்டான்.